லிட்டருக்கு இருபத்தைந்து

உங்கள் மணிக்கட்டையா இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்? இருக்கைக் கம்பி என்று நினைத்துவிட்டேன், மன்னியுங்கள். பேருந்து வளைவில் திரும்பும்போது எதையாவது பற்றிக்கொள்வது யாருக்கும் இயல்புதான். பயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முப்பது ஆண்டுக்கு மேல் இந்த வால்பாறையில் இயற்பியல் கற்பித்தவள் நான். தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். இந்த மலைப்பாதை எனக்குப் புதிதன்று.

நீங்கள் சன்னலோரம் உட்கார்ந்திருப்பதால் ஓர் உதவி கேட்கிறேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பேருந்து திரும்பியவுடன் தலையைத் தூக்கி, நாம் இறங்கி வந்த சாலையைப் பாருங்கள். சிறிய வெள்ளைக் கார் ஒன்று வர வேண்டும். இடப்பக்கக் கதவு மட்டும் புதிது, ஆகையால் அது மற்றப் பகுதியைவிடச் சற்று வெளுப்பாகத் தெரியும். வருகிறதா? மெதுவாகவா? மெதுவாக வரட்டும். நல்லது.

அதை ஓட்டி வருபவர் என் கணவர் நஞ்சப்பன். கணவர் பெயரைச் சொல்லக் கூடாது என்கிற வழக்கத்தை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் தலைமை எழுத்தராக இருந்தவர், பொறுமைசாலி. மணமான நாளிலிருந்து என்னை ‘டீச்சர்’ என்றுதான் அழைப்பார், ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். வண்டி பழுது நீங்கி வந்தபின் இன்றுதான் முதன்முறையாக அதை மலையிலிருந்து கீழே இறக்குகிறார். பொள்ளாச்சியில் என் தம்பி மகனுக்கு நிச்சயதார்த்தம். ஒரே வீட்டிலிருந்து ஒரே விசேஷத்துக்குப் போகிறோம். அவர் காரில், நான் பேருந்தில். காலையில் பட்டுப்புடவை உடுத்திக்கொண்டு காருக்கு அருகில் வந்து நிற்கிறேன், அவர் கதவைத் திறக்கவில்லை.

‘டீச்சர், வளைவெல்லாம் முடியற வரைக்கும் நீங்க பஸ்ஸுல வாங்க. நான் பின்னாலயே வர்றேன். ஆழியாறு செக்போஸ்டுல உங்களை ஏத்திக்கறேன்’ என்றார்.

பயம் வந்துவிட்டது அவருக்கு. வயதாகிறதல்லவா. வாதம் செய்யாமல் விட்டுக்கொடுத்தேன்.

அம்மணி, உங்களிடம் கார் இருக்கிறதா? இல்லையா. வாங்கும் எண்ணம் இருந்தால் நான் சொல்வதைக் கேளுங்கள். எங்களுடையது சிறிய டீசல் கார், கியர் தானாக விழுகிற வகை. அதைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். பழைய வண்டியில் கிளட்ச்சை மிதித்து மிதித்து அவருடைய இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. மலையில் எத்தனை முறை மிதிக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள். கம்பெனிக்காரர்கள் கொடுத்த புத்தகத்தில் லிட்டருக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் என்று அச்சிட்டிருந்தது. அச்சில் வந்ததை மதிக்கிறவள் நான். வாங்கி வந்து ஓட்டிப் பார்த்தால் ஊருக்குள் பதினைந்து. உடுமலைப் பக்கம் நேரான சாலையில், எதிர்க்காற்று இல்லாத நாளில், பத்தொன்பது. மலையேறினால் பன்னிரண்டு. அந்த இருபத்தெட்டை யார், எந்தச் சாலையில், எப்படிக் கண்டார்களோ எனக்குத் தெரியாது. உள்ளே ஒரு சின்ன இயந்திரம் நமக்குப் பதிலாகக் கிளட்ச்சை அழுத்துகிறது. கியர் மாற்றுமுன் ஒரு கணம் நின்று யோசிக்கிறது. மாற்றிய பிறகு, மாற்றியது சரிதானா என்று மறுபடி யோசிக்கிறது. அத்தனை யோசனைக்கும் டீசல் நாம்தான் ஊற்ற வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் எங்கள் வீட்டுக்குள் இருந்திருக்கும். என் தம்பி மயில்சாமிதான் வெளியே இழுத்தான். அவனுக்குப் பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம். அவனிடமும் அதே கார், அதே டீசல் எஞ்சின், ஆனால் கையால் கியர் போடுகிற வகை. ‘ஆட்டோமேட்டிக் வேண்டாங்க்கா, அது குடிக்கும்’ என்று வாங்கும்போதே சொன்னவன். ஆனைமலையில் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, ‘ஏக்கா, உன்ற வண்டி எவ்வளவு குடுக்குது?’ என்றான்.

‘இருபத்தைந்து’ என்றேன்.

என் கணவர் அப்போது ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். கை நின்றது. பிறகு மறுபடி பிசைந்தார்.

‘இருவத்தஞ்சா? ஏனுங்க மாமா, நீங்க வண்டிய ஓட்டறீங்களா, இல்ல எறங்கித் தள்ளீட்டே போறீங்களா?’

பந்தியே சிரித்தது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவன்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். நான் பொய் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அந்த வண்டி எவ்வளவு கொடுக்க வேண்டுமோ அதைச் சொன்னேன். நல்ல மாணவன் ஒருமுறை நாற்பது மதிப்பெண் வாங்கிவிட்டால், அவன் நாற்பது மார்க் பையன் என்றா எழுதிவிடுவோம்?

மயில்சாமி விடவில்லை. டேங்க் டு டேங்க் பார்த்துவிடலாம் என்றான். அதாவது, டேங்க்கை விளிம்புவரை நிரப்பி ஓட்டிவிட்டு, அதே பங்க்கில் மறுபடி விளிம்புவரை நிரப்பினால், எவ்வளவு குடித்தது என்பது தெரிந்துவிடும். அன்று மாலை பொள்ளாச்சி பங்க்கில் அவனே நின்று, வண்டியைப் பிடித்து உலுக்கி உலுக்கி, நுரை அடங்க அடங்க ஊற்றினான். நாங்கள் வால்பாறைக்கு ஏறிச் செல்வது, மறுநாள் காலை இறங்கி அதே பங்க்குக்கு வருவது, அவன் அங்கே காத்திருப்பது என்று ஏற்பாடு.

இப்போது மேலே பாருங்கள். வருகிறதா? அந்தப் புதுக் கதவு தெரிகிறதல்லவா? நல்லது. இல்லை, குளிர் ஒன்றுமில்லை. எனக்குக் கை எப்போதும் இப்படித்தான் வேர்க்கும். சமீபகாலமாக.

வீடு வந்து சேர்ந்தபோது சராசரி காட்டுகிற மீட்டர் பன்னிரண்டில் நின்றது. ஏற்றம் தின்ற டீசலை இறக்கத்தில்தான் மீட்க வேண்டும். ஆகவே மறுநாள் காலை முறையாகத் தயார் செய்தேன். வண்டியின் எடையைக் குறைத்தால் மைலேஜ் கூடும். அது அடிப்படை இயற்பியல். ஸ்டெப்னி டயரை இறக்கி வீட்டில் வைத்தேன். ஜாக்கி, குடை, தண்ணீர்ப் புட்டிகள் எல்லாவற்றையும் இறக்கினேன். அவரையும் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் கையைக் கழுவினார். அப்படிப்பட்ட மனிதர்.

வளைவுகள் தொடங்கியவுடன் கியரை நியூட்ரலில் போடச் சொன்னேன். அவர் தயங்கினார்.

‘டீச்சர், எறக்கத்துல கியர்லயே வெச்சுட்டு ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டாப் போதும், டீசலே எறங்காதாம். வண்டியோட வந்த கையேட்டுல போட்டிருக்குதுங்க’ என்றார்.

எஞ்சின் சுற்றுகிறதாம், ஆனால் எதையும் உண்பதில்லையாம். இதை அவர் என்னிடம் சொல்கிறார். தீனி இல்லாமல் சுற்றும் எஞ்சின் எந்த உலகத்தில் இருக்கிறது? அச்சில் வந்ததெல்லாம் உண்மையாகிவிடுமா என்று கேட்டேன். அவர் சொன்னபடி காலை எடுத்துக் காட்டினார். அந்தக் கணத்துக்கான மைலேஜ் காட்டும் இடத்தில் தொண்ணூற்றொன்பது என்று வந்து நின்றது. மீட்டரும் கெட்டுவிட்டது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நியூட்ரலில் போடுங்கள் என்றேன். போட்டார்.

வண்டி உருண்டது. நல்ல சுகமான ஓட்டம், ஆரம்பத்தில். பிறகு வேகம் தானாகவே கூடியது. கியர் பிடிமானம் இல்லாததால் ஒவ்வொரு வளைவிலும் அவர் பிரேக்கை அழுத்தி அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. கருகுகிற வாடை வந்தது. ‘டீச்சர், கியருக்கு வந்தர்றேன்’ என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். எஞ்சின் மட்டும் சும்மா முனகிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் உருளுகிற வண்டிக்கு எஞ்சின் எதற்கு? அந்த முனகலுக்குக்கூட டீசல் போகிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வண்டிக்குச் சாவி கிடையாது, பொத்தான்தான். ஸ்டியரிங்குக்கு இடப்புறம், என் கைக்கு எட்டும் இடத்தில். கையை நீட்டி அழுத்தினேன். ஓடுகிறபோது ஒரு தட்டலுக்கு அணையாது, அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். அணைந்தது.

அம்மணி, அந்த அமைதியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். டயர் உரசுகிற சத்தம், வெளியே ஏதோ ஒரு பறவை, அவ்வளவுதான்.

அடுத்த வளைவில் அவர் பிரேக்கை மிதித்தார், பிடித்தது. மறுபடி மிதித்தார், பாதி பிடித்தது. மூன்றாவது முறை மிதி கல்லாகிவிட்டது. எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்குத் துணைவிசை போய்விடும் என்பது எனக்குத் தெரியாததன்று, பாடமே எடுத்திருக்கிறேன். அவ்வளவு விரைவில் போகும் என்பதை அந்தக் கம்பெனி சொல்லியிருக்க வேண்டும். ஸ்டியரிங்கும் உரல்போல் கனத்துவிட்டது. அவர் இரண்டு காலாலும் மிதியின்மேல் எழுந்து நிற்பதுபோல் மிதிக்கிறார்; அந்தத் தேய்ந்த முழங்காலையும் சேர்த்து. கீழே ஆழியாறு அணைத் தண்ணீர் தெரிகிறது. பளபளவென்று, மிக அழகாக.

பொத்தானை மறுபடி அழுத்தினால் எஞ்சின் உயிர்பெற்றிருக்கும். அவர் அதற்காகக் கையைக் கொண்டுவந்தார். அங்கே என் விரல் இருந்தது.

‘கையை எடுங்க டீச்சர்’ என்றார்.

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். விரல் பொத்தான்மீதே இருந்தது.

‘கையை எடு லோகநாயகி.’

கத்தவில்லை. தாழ்ந்த குரல்தான். முப்பத்தெட்டு ஆண்டில் அவர் என் பெயரைச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல்முறை, ஒருமையில் பேசியதும் அதுதான் முதல்முறை. என்னைத்தான் சொல்கிறார் என்பது எனக்கு விளங்குவதற்குள் அவர் பொத்தானைக் கைவிட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்து, முழு உடம்பாலும் ஸ்டியரிங்கைச் சாய்த்து, வண்டியை இடப்புறம் மலைச்சுவர் ஓரத்து வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டார். என் பக்கத்துக் கதவு பாறையில் தேய்ந்துகொண்டே போனது. கண்ணாடி நொறுங்கி மடியில் கொட்டியது. டயர் வெடித்தது. பிறகு நின்றது.

எங்களுக்கு முன்னால் வளைவு. அந்த வளைவைச் சுற்றி, இதோ நாம் உட்கார்ந்திருப்பது போன்ற ஒரு பேருந்து ஏறி வந்தது, முழுக்க ஆட்கள். ஓட்டுநர் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்து, ‘ஏனுங் பெரியவரே, பார்க்கிங் பண்ண வேற எடமே கெடைக்கலீங்களா?’ என்றார். யாரும் சிரிக்கவில்லை, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டார்கள் போலும். அவரே இறங்கி வந்து என்னை வலப்பக்கக் கதவு வழியாக வெளியே எடுத்தார். ஸ்டெப்னி எங்கே என்று கேட்டார்கள். வீட்டில் இருக்கிறது என்றார் என் கணவர். ஏன் என்று கேட்டார்கள். அவர் குனிந்து வெடித்த டயரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நல்ல மனிதர்.

அதற்கு முன் ஒன்று நடந்தது. வண்டி நின்றவுடன், பேருந்துக்காரர்கள் இறங்கி வருமுன், அவர் என் விரலைப் பொத்தானிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தார். எடுத்து வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். எஞ்சின் உடனே உயிர்பெற்றது. பாருங்கள், எஞ்சினுக்கு எந்தச் சேதமும் இல்லை. மீட்டரும் எரிந்தது. ‘சராசரி எவ்வளவு காட்டுகிறது?’ என்று கேட்டேன்.

அவர் ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். களைப்பு.

பதினாறு. பதினாறு காட்டியது. கேட்டீர்களே என்று சொல்கிறேன்.

கேட்கவில்லையா? சரி.

சேதி கேட்டு மயில்சாமி பங்க்கிலிருந்து காரை எடுத்துக்கொண்டு மலையேறி வந்தான். வண்டியைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். மைலேஜைப் பற்றி அன்று முதல் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் என் வாக்கு பொய்யென்று நிரூபணம் ஆகவில்லை. அந்தச் சோதனையே முடியவில்லையே.

இப்போது வருகிறதா, பாருங்கள். மூடுபனியா? பனி இருந்தாலும் முகப்பு விளக்கு தெரியும். எரியவிட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். தெரியவில்லையா? சென்ற வளைவில் தெரிந்ததல்லவா? அதற்கு முந்தையதிலா?

ஓரிடத்தில் நின்றிருப்பார். வரையாடு குறுக்கே வந்திருக்கும், இங்கே அது வழக்கம்தான். அல்லது லாரிக்கு வழிவிட்டிருப்பார்.

இதோ, தண்ணீர் தெரிகிற வளைவு வருகிறது. இடப்புறம் பாறையில் நெடுக ஒரு வெள்ளைக் கோடு இருக்கும், எங்கள் கதவின் பெயிண்ட். இருக்கிறதா? எனக்குக் கண்ணில் தூசி, நான் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்து, தாண்டியவுடன் சொல்லுங்கள். சொல்லிவிடுங்கள், மறந்துவிடாதீர்கள். கையைக் கொஞ்சம் கொடுங்கள்.

தாண்டிவிட்டோமா? சரி.

இந்த ஓட்டுநர் கியரில்தானே இறங்குகிறார்? எஞ்சின் உறுமுவது கேட்கிறது, கியரில்தான். எனக்கு இந்த உறுமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரவில் வீட்டில் எல்லாம் ஓய்ந்துவிட்டால் எழுந்து ஃபேனைப் போட்டுவிடுவேன். குளிரில் எதற்கு ஃபேன் என்று அவர் கேட்டதில்லை, போர்வையை இழுத்துக்கொள்வார். நரம்புத் தளர்ச்சியாக இருக்கும், மருத்துவரிடம் காட்டலாம் என்றிருக்கிறேன். அந்த விரலும் சரியாக மடங்குவதில்லை.

மறுபடி பாருங்கள். இல்லையா?

கண்டக்டர். கண்டக்டர், சற்று இங்கே வாருங்கள். பின்னால் ஒரு வெள்ளைக் கார் வர வேண்டும். வளைவில் எங்கேயாவது நின்றால் ஓட்டுநருக்கு அது தெரியுமா? தெரியாதா. கைப்பேசியில் சிக்னல் இல்லை. நிறுத்திப் பார்க்க முடியுமா? ‘ஏனுங்கம்மா, நடுவளைவுல எப்படீங்க நிறுத்தறது’ என்கிறீர்கள். நியாயந்தான். செக்போஸ்டில் நிறுத்துவீர்கள் அல்லவா? அங்கே நிறுத்தினால் போதும்.

அம்மணி, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். காலையில் அவர் கதவைத் திறக்காதபோது நான் மறுத்துப் பேசியிருக்கலாம். நான் சொன்னால் அவர் கேட்பார், எப்போதும் கேட்பார். பேசவில்லை. பேசாமல் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. அவரைத் தனியாக விட்டுவிட்டு. பக்கத்தில் நான் இருந்திருந்தால் மெதுவாகப் போங்கள் என்றாவது சொல்லியிருப்பேன்.

செக்போஸ்ட் வந்துவிட்டதா? இறங்குகிறேன். இல்லை, இறங்கவில்லை, இங்கிருந்தே பார்க்கிறேன். நீங்கள் பாருங்கள். சன்னலோரம் இருக்கிற உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

லாரி ஒன்று வருகிறது. அதற்குப் பின்னால்? வேன். வேனுக்குப் பின்னால்?

எது? அந்த வெளுப்பான கதவா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

சரி. சரி. அவர்தான். எவ்வளவு மெதுவாக வருகிறார் பாருங்கள், தானாக மாற விடாமல், கையால் இரண்டாவது கியரிலேயே நிறுத்தி மலை முழுவதும் இறக்கியிருக்கிறார். எஞ்சின் எப்படிக் கத்துகிறது. எவ்வளவு டீசல் குடித்ததோ. குடிக்கட்டும். இதோ உங்கள் கையை விட்டுவிட்டேன், பாருங்கள், சிவந்துபோயிருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

என் பையைச் சன்னல் வழியாகக் கொடுங்கள், நான் இறங்கி வாங்கிக்கொள்கிறேன். பார்த்தீர்களா, எனக்காக இறங்கி வந்து கதவைத் திறந்து வைத்திருக்கிறார். பின்பக்கக் கதவு. பெரிய அதிகாரிகளை அப்படித்தான் பின்னிருக்கையில் அமர்த்துவார்கள். அவருக்கு மரியாதை தெரியும்.

முன்னிருக்கையில் என்ன அது? பலாப்பழம். நிச்சயதார்த்த வீட்டுக்கு எங்கள் தோட்டத்துப் பழம் கொண்டுபோக வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அதற்கு சீட் பெல்ட் வேறு மாட்டிவிட்டிருக்கிறார். பதினைந்து கிலோவாவது இருக்கும். முன்பாரம் கூடினால் மைலேஜ் குறையும் என்று தெரியாதா இவருக்கு.

கண்டக்டர் ஏன் சிரிக்கிறார்? என்ன கேட்டார் அவரிடம்? முன்னால் பலாப்பழத்தை உட்காரவைத்து வீட்டம்மாவைப் பின்னால் ஏற்றுகிறீர்களே என்றா? அதற்கு இவர் என்ன சொன்னார்?

‘அது எதையும் தொடாதுங்க.’

அப்படியா சொன்னார். சரி, பையைக் கொடுங்கள். நான் பின்னாலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.